பிங்க் ஃபிளாய்டின் 'விஷ் யூ வேர் ஹியர்': ஷஃபிளை அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள்

பிங்க் ஃபிளாய்டு என்ற பிரிட்டிஷ் ராக் குழு 1975 செப்டம்பரில் வெளியிட்ட இந்த ஆல்பத்தில் ஐந்தே தடங்கள். மொத்தம் 44 நிமிடம் சொச்சம். ஐந்தில் இரண்டு, ஒரே பாட்டை நடுவில் வெட்டி முன்னும் பின்னுமாக வைத்தவை. தனித்தனிப் பாட்டாகப் பிரித்து பிளேலிஸ்டில் போட்டால் சரக்கில் பாதி போய்விடும். ஒரு தடம் முடிந்து அடுத்தது பிறக்கும் மூட்டுகளில்தான் இவர்கள் அதிகம் உழைத்திருக்கிறார்கள்.

அதனால் முதலில் செட்டிங்ஸ். ஷஃபிள், கிராஸ்ஃபேட் (ஒரு தடத்தின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலப்பது) இரண்டையும் அணையுங்கள். தடங்களுக்கு நடுவே இடைவெளி விடாத கேப்லெஸ் வசதி இருந்தால் போடுங்கள். ஒலியளவைச் சமப்படுத்தும் நார்மலைசேஷன் தடவாரியாக இருந்தால் ஆல்பம்வாரியாக மாற்றுங்கள், இல்லையேல் வேண்டுமென்றே தணித்து வைத்த இடங்களும் மேலே ஏறிவிடும். எம்பி3 கோப்புகளில் தடங்களுக்கு நடுவே 'டக்' என்று ஒரு வெட்டு கேட்டால் கோப்பு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த வடிவம் கோப்பின் தலையிலும் வாலிலும் துளி மௌனத்தை ஒட்டிவிடும். ஒலித் தரம் குறையாமல் சேமிக்கும் ஃபிளாக் (FLAC) வடிவத்தில் அந்தத் தொல்லை இல்லை.

முதல் தடம் 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்', பதின்மூன்றரை நிமிடம். குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட்டின் சிந்தசைசருக்கு அடியில் ஒயின் கிளாஸ் விளிம்பைத் தேய்த்து எடுத்த ரீங்காரம் ஓடுகிறது. வீட்டுச் சாமான்களை மட்டும் வைத்தே ஒரு ஆல்பம் செய்யப் பார்த்துக் கைவிட்டார்கள், அதில் மிஞ்சியது இது. தொடக்கம் மிகச் சன்னமாக இருப்பதால் வால்யூமை ஏற்றிவைத்து, டிரம்ஸ் விழும்போது அலறியடித்துக் குறைப்பவர்கள் அதிகம். ஐந்தாவது நிமிடத்துக்கு ஓட்டி, அங்கே அளவைச் சரிசெய்துவிட்டு மறுபடி ஆரம்பத்துக்கு வாருங்கள்.

நான்கு நிமிடத்தை நெருங்கும்போது டேவிட் கில்மரின் கிட்டாரில் நான்கே ஸ்வரங்கள்: பி ஃபிளாட், எஃப், ஜி, ஈ. ஆல்பத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஜி-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் சாதாரண காந்தாரம், கைசிகி நிஷாதம், ஷட்ஜம், சதுச்ருதி தைவதம். அதுவரை தரையில் விரித்திருப்பது ஜி மைனர். காது நடபைரவி ராகத்தின் சுத்த தைவதத்துக்குத் தயாராக இருக்கும். வந்து விழுவதோ கரகரப்ரியாவின் தைவதம். அரை ஸ்வரம்தான் வித்தியாசம், ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு ஆள் போய்விட்டது போல நிற்கிறது. குரல் வர எட்டரை நிமிடத்துக்கு மேலாகிறது. டிக் பாரி கனத்த ஒலியுள்ள பாரிடோன் சாக்ஸஃபோனிலிருந்து மேல் ஸ்தாயி டெனருக்குத் தாவும் இடத்தில் தாளமும் துள்ளலுக்கு மாறுவதைக் கவனியுங்கள்.

பாட்டு, குழுவின் முதல் தலைவர் சிட் பாரெட்டைப் பற்றியது. மனநிலை குலைந்து 1968-ல் விலகியவர். 1975 ஜூனில், பதிவு நடந்துகொண்டிருந்தபோது அவர் ஆபி ரோடு ஸ்டூடியோவுக்கு வந்தார். தலையும் புருவமும் மழித்திருந்ததால் நண்பர்களுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. அந்தக் கோலத்தைப் பார்த்துத்தான் பாட்டை எழுதினார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. கணக்கு உதைக்கிறது: 1974-லேயே மேடையில் வாசித்த பாட்டு இது.

'வெல்கம் டு தி மெஷின்' விசிஎஸ்3 சிந்தசைசரின் துடிப்பிலேயே நிற்கிறது. ஃபோன் ஸ்பீக்கரில் அந்த அடி ஒலி அப்படியே காணாமல் போய், மேலே அக்கூஸ்டிக் கிட்டார் மட்டும் அனாதையாகக் கேட்கும். ஹெட்ஃபோன் போடுங்கள், ஃபோனில் மோனோ ஆடியோ போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

'ஹேவ் எ சிகார்' பாடியது குழுவில் யாருமே இல்லை, வெளிப் பாடகர் ராய் ஹார்ப்பர். குழுவின் பாஸ் கிட்டார் கலைஞர் ரோஜர் வாட்டர்ஸின் தொண்டை களைத்திருந்தது, கில்மர் பாட மறுத்துவிட்டார். இசை வியாபாரிகளை நக்கலடிக்கும் பாட்டுக்கு வெளியாள் குரல் கச்சிதமாகவே பொருந்தியிருக்கிறது. முடிவில் மொத்த இசையும் திடீரென ஒரு சின்ன ரேடியோவுக்குள் சுருங்கும். ஹெட்ஃபோன் ஒயர் போய்விட்டதோ என்று பிடுங்கிப் பார்க்க வேண்டாம், அடுத்த பாட்டான 'விஷ் யூ வேர் ஹியர்'-க்கான வாசல் அது. ஸ்டேஷன் மாறுகிறது, சைகோவ்ஸ்கியின் நான்காம் சிம்ஃபொனி ஒரு கீற்று வந்து போகிறது, பிறகு 12 கம்பி கிட்டார். அடி ஒலியும் உச்ச ஒலியும் நறுக்கப்பட்டதால் அது ரேடியோவில் ஒலிப்பது போல இருக்கும். யாரோ இருமுகிறார்கள். அப்புறம் இன்னொரு கிட்டார், முழு ஒலியோடு, நம் பக்கத்தில் உட்கார்ந்து ரேடியோவோடு சேர்ந்து வாசிப்பது போல நுழைகிறது.

வாசித்துப் பார்ப்பவர்களுக்கு: இந்த முகப்பில் ஈமைனர்7, ஜி, ஏ7சஸ்4 ஆகிய மூன்று கார்டுகளுக்கும் (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மோதிர விரலும் சுண்டு விரலும் மெல்லிய இரண்டு கம்பிகளின் 3-வது ஃபிரெட்டிலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு கார்டுக்கும் கையை முழுதாகத் தூக்குவதால்தான் பலருக்கு நடுவில் ஒலி அறுந்துபோகிறது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் நகரட்டும்.

பாட்டின் முடிவில் காற்று வீசும். அதற்கடியில் ஜாஸ் மேதை ஸ்டெஃபான் கிராப்பெல்லியின் வயலின் கேட்டும் கேட்காததுமாக இருக்கிறது. அவ்வளவு பெரிய கலைஞரை இப்படிப் புதைத்திருக்க வேண்டாம். 2011-ல் வந்த விரிவுபடுத்திய பதிப்பில் அவர் வாசித்த வடிவம் தெளிவாகவே கிடைக்கிறது.

பழைய எல்பி இசைத்தட்டு வாங்குபவர்கள் முதல் பக்கத்தின் முதல் இரண்டு நிமிடத்தைப் போட்டுக் கேட்டால் போதும். அவ்வளவு மெல்லிய இசையில் ஒரு கீறல்கூட ஒளிய முடியாது.

குறை சொல்வதென்றால் கடைசித் தடம், அதாவது ஒன்பது பகுதிகள் கொண்ட 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்'டின் பின்பாதி. ஆறாம் பகுதியில் கில்மரின் ஸ்டீல் கிட்டார் கிறீச்சிட்டு உச்சத்துக்குப் போகிறது. ஆனால் எட்டாம் பகுதியின் ஃபங்க் வாசிப்பு போகிற ஊர் தெரியாமல் சுற்றுகிறது, இரண்டு நிமிடம் குறைத்திருக்கலாம். அதைப் பொறுத்துக்கொண்டால் ஒன்பதாம் பகுதி, ரைட் தனியாக எழுதியது, சவ ஊர்வல நடையில் வரும். ஒலி தேய ஆரம்பித்ததும் வால்யூமைக் கொஞ்சம் ஏற்றுங்கள். பாரெட் 1967-ல் எழுதிய 'சீ எமிலி ப்ளே' மெட்டின் ஒரு துண்டை ரைட் சிந்தசைசரில் வாசித்துவிட்டுப் போவது அந்தத் தேய்மானத்துக்குள் இருக்கிறது.