மோட்டார்ஹோமுக்குத் தனி ஜிபிஎஸ்: மூன்று பயணங்கள் ஓட்டிப் பார்த்த பிறகு

கைப்பேசியில் கூகல் மேப்ஸ் இருக்கும்போது வழி காட்டத் தனியாக ஒரு ஜிபிஎஸ் கருவி எதற்கு என்று 2019இல் நானும்தான் கேட்டேன். சிங்கப்பூரில் கார் ஓட்டுகிறவர்கள் வண்டியின் உயரத்தை யோசிப்பதே இல்லை, புளோக் பக்கத்துப் பலமாடி கார் நிறுத்துமிடத்தில் நுழையும்போது தலைக்கு மேல் தொங்கும் கம்பி ஒன்றுதான் அதை ஞாபகப்படுத்தும். ஆறு பேர் படுக்கிற மோட்டார்ஹோம், அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ளேயே இருக்கிற வண்டி, மூன்று மீட்டரைத் தாண்டி நிற்கும். கூகல் மேப்ஸ் அந்த உயரத்தைக் கேட்பதும் இல்லை, எல்லா வண்டியும் அதற்குக் கார்தான்.

ஜிபிஎஸ் கருவி செய்கிற கார்மின், டாம்டாம் இரண்டு நிறுவனங்களிலுமே இந்த மாதிரி வண்டிகளுக்கென்று கேம்பர் என்ற தனி வரிசை உண்டு. வண்டியின் உயரம், அகலம், நீளம், எடையைப் பதிந்து வைத்தால் அதற்கு ஏற்ற பாதையைத் தேடும். அப்படி ஒன்று வாங்கி நியூசிலாந்தின் தெற்குத் தீவுக்கு இரண்டு முறையும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவுக்கு ஒரு முறையும் கொண்டுபோனோம். வீட்டுக்காரர் ஓட்டுவார், வழி பார்ப்பது நான்.

அளவைச் சரியாகப் பதிவதில்தான் எல்லாமே இருக்கிறது. கிறைஸ்ட்சர்ச்சில் வண்டியை எடுத்த அன்று ஓட்டுநர் பக்க வெயில் மறைப்பில் 3.2 மீட்டர் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. வெளியே இறங்கிப் பார்த்தால் கூரை மேல் ஏசி பெட்டி துருத்திக்கொண்டு நிற்கிறது. "ஏங்க, அந்தப் பெட்டியையும் சேர்த்தா 3.2?" என்றேன். அவருக்கும் தெரியவில்லை. கவுண்டரில் இருந்த பெண் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து சேர்த்துத்தான் என்றாள். இருந்தாலும் நான் 3.3 என்றே பதிந்தேன், பத்து சென்டிமீட்டர் கூட இருப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

அதன் பலனை மெல்பர்னில் கண்ணால் பார்த்தேன். சவுத் மெல்பர்னில் மான்டேக் ஸ்டிரீட் பாலம் இருக்கிறது, அதன் கீழே 3 மீட்டர்தான் இடைவெளி. லாரிகள் அடிக்கடி போய் முட்டுகிற இடம், 2016இல் பயணிகளோடு வந்த ஒரு பஸ்ஸே மோதியிருக்கிறது. என் கையில் இருந்த கைப்பேசி நேராக அதன் அடியில்தான் கோடு போட்டது. கருவியோ முன்னாடியே வேறு தெருவுக்குத் திருப்பி, நாலு நிமிடம் கூடுதலாகச் சுற்ற வைத்தது. அந்த நாலு நிமிடத்துக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது என்பேன்.

வரைபடம் கருவிக்குள்ளேயே இருப்பது அடுத்த நிம்மதி. நியூசிலாந்தில் தே அனாவிலிருந்து மில்ஃபோர்டு சவுண்டுக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டர், வழியில் டீசல் போட இடம் கிடையாது, கைப்பேசியிலும் சிக்னல் போய்விடும். கருவி பாட்டுக்குக் காட்டிக்கொண்டே வந்தது.

ஆனால் அதற்குத் தெரியாததும் நிறைய. குயின்ஸ்டவுனிலிருந்து வானகாவுக்கு கிரவுன் ரேஞ்ச் மலைப்பாதை வழியாகத்தான் போ என்றது. உயரத்துக்கும் எடைக்கும் அங்கே தடை இல்லை, சரி, ஆனால் ஏற்றமும் கொண்டை ஊசி வளைவுகளும் புது ஓட்டுநரின் உயிரை வாங்கும். நாங்கள் குரோம்வெல் வழியைப் பிடித்தோம், ரொம்ப தூரம் வரை "திரும்புங்கள், திரும்புங்கள்" என்று நச்சரித்தது. அப்புறம், அது சொல்லும் நேரத்தை நம்பி முகாமில் இரவுச் சாப்பாட்டுக்குத் திட்டம் போடாதீர்கள். நியூசிலாந்தில் 3,500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிக்கு வேக வரம்பே 90தான், மலைப்பாதையில் அதுவும் வராது. மூன்று மணி நேரம் என்றால் நான் நாலாக எடுத்துக்கொள்வேன்.

வாங்கும்போது திரை எத்தனை அங்குலம் என்பதைவிட எந்த நாட்டு வரைபடம் உள்ளே இருக்கிறது என்பதைப் பாருங்கள். விலை குறைவு என்று என் தோழி இணையத்தில் ஐரோப்பாவுக்கான பதிப்பை வாங்கிவிட்டாள், ஆஸ்திரேலிய வரைபடத்துக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டியதாயிற்று. வரைபடப் புதுப்பிப்பை வீட்டிலேயே, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் முடித்துவிடுங்கள். எனக்கு ஒரு முறை ராத்திரி முழுக்க இறங்கி, காலையில் பார்த்தால் பாதியில் நின்றிருந்தது.

இப்போது பேட்டரி ஓய்ந்துவிட்டது, சார்ஜரைப் பிடுங்கினால் இருபது நிமிடம்கூட நிற்பதில்லை. வண்டியில் எப்படியும் 12 வோல்ட் சாக்கெட்டில்தான் செருகியிருக்கும் என்பதால் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் பிடிதான் வெயிலில் விறைத்துப்போய் இரண்டு முறை கழன்று விழுந்தது. அடுத்த பயணத்துக்குப் புதுப் பிடி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், கருவியை மாற்றுகிற எண்ணம் இப்போதைக்கு இல்லை.