சிங்கப்பூர் எஸ்பிளனேட்ல ஃப்ரீ நிகழ்ச்சிக்கு 20,900 ரூபா பிடுங்குனாங்க, டூர் பேக்கேஜ் எடுக்குறவங்க படிச்சிட்டுப் போங்க

திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை பக்கத்துல இருந்து சிங்கப்பூர் டூர் பிளான் பண்றவங்களுக்குத்தான் இந்தப் பதிவு. உங்க டிராவல்ஸ்காரர் குடுத்த லிஸ்ட்ல "எஸ்பிளனேட் கல்ச்சுரல் ஈவினிங்"னு ஒரு வரியோ "மெர்லயன் அண்ட் லேசர் ஷோ"ன்னு ஒரு வரியோ இருந்து, அதுக்கு எதிர்ல தனியா ரேட் போட்டிருந்தா தயவுசெஞ்சு காசு குடுத்துடாதீங்க. டிராவல்ஸ் பேரு இங்க போடல, கன்ஸ்யூமர் கேஸ் ஓடிட்டிருக்கு, அதனால பேரு கேட்டு மெசேஜ் பண்ணாதீங்க ப்ளீஸ்.

எங்கம்மாவுக்கு பாட்டுன்னா உசுரு. எஸ்பிளனேட்னு ஒரு கலையரங்கம் இருக்கு, தண்ணிக் கரையோரமா முள்ளு முள்ளா டுரியான் பழம் மாதிரி ரெண்டு கூடு, உள்ள ஊசி விழுந்தா கேக்குற மாதிரி ஹால்னு யாரோ சொல்லி வச்சிருந்தாங்க, அதைப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. இதை டிராவல்ஸ் ஆபீஸ்ல உக்காந்திருக்கும்போது அம்மாவே வாய் விட்டு சொன்னாங்க. அந்த ஆளு ஒரு நிமிஷம் கூட யோசிக்கல. "அம்மா, நவம்பர்ல போறீங்க, அங்க இந்தியன் ஃபெஸ்டிவல் நடக்கும், நம்ம கிட்ட விஐபி சீட் இருக்கு, கான்சர்ட் ஹால் உள்ள முதல் வரிசை, உங்களுக்காக பிளாக் பண்றேன்"னு கால்குலேட்டரை எடுத்துட்டாரு. பெரியவங்களுக்கு தலைக்கு 3,800, என் அண்ணன் பையனுக்கு நாலு வயசு, அவனுக்கு பாதி 1,900. அம்மா, அப்பா, பெரியம்மா, நான், என் வீட்டுக்காரர், பொடியன், எல்லாம் சேத்து 20,900. கூடவே மெர்லயன் லேசர் ஷோன்னு தலைக்கு 1,200, அஞ்சு பேருக்கு 6,000. பில் கேட்டதுக்கு ஜிபே பண்ணிடுங்க, பில்லு போட்டா ஜிஎஸ்டி ஏறிடும்னு சொல்லி ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தாரு.

இப்ப எனக்குத் தெரிஞ்சதை முதல்ல சொல்லிடறேன், அப்பதான் இந்தக் கூத்து புரியும்.

எஸ்பிளனேட் 2002 அக்டோபர் 12ம் தேதி திறந்த இடம், திறந்து வச்சவரு அப்போ ஜனாதிபதியா இருந்த எஸ்.ஆர்.நாதன், நம்ம தமிழர். உள்ள ரெண்டு பெரிய அரங்கம், கான்சர்ட் ஹால் கிட்டத்தட்ட 1,600 சீட், தியேட்டர் கிட்டத்தட்ட 2,000 சீட். இந்த ரெண்டுலயும் நடக்குறதுக்கு பெரும்பாலும் டிக்கெட் வாங்கணும், அதை எஸ்பிளனேட் வெப்சைட்லயே நாமளே எடுத்துக்கலாம், சீட் மேப் காட்டும், நம்ம சீட்டை நாமளே தொட்டு செலக்ட் பண்ணலாம், க்யூஆர் வச்ச டிக்கெட் மெயில்ல வந்துடும். ஆனா அதே கட்டடத்துல நுழைஞ்ச உடனே கான்கோர்ஸ்னு ஒரு கூடம் இருக்கு, வெளிய தண்ணிய ஒட்டி படிக்கட்டு வச்ச திறந்தவெளி மேடை இருக்கு, இங்கெல்லாம் வருஷம் பூரா நிகழ்ச்சி நடக்கும், இதுல பெரும்பாலானதுக்கு டிக்கெட்டும் கிடையாது காசும் கிடையாது, யாரு வேணா வந்து உக்காரலாம். வருஷா வருஷம் நவம்பர் வாக்குல கலா உத்சவம்னு இந்தியக் கலை விழா நடத்துறாங்க, அதுலயும் இப்டித்தான், சிலது ஹால் உள்ள டிக்கெட் போட்டு, நிறைய விஷயம் வெளிய ஃப்ரீயா. மொட்டை மாடிக்கு ஏறிப் பாக்குறது ஃப்ரீ. மூணாவது மாடியில இசை, நடனம், நாடகத்துக்குன்னே ஒரு பொது நூலகம் இருக்கு, அதுக்குள்ள போறதும் ஃப்ரீ.

மெர்லயன்ங்கிற சிங்கத் தலை, மீன் உடம்பு வச்ச சிலை இருக்குறது ஒரு பொது பார்க். அதுக்கு கேட்டே கிடையாது, அப்புறம் எங்கருந்து டிக்கெட். அங்க மெரினா பே சாண்ட்ஸ் ஹோட்டல் முன்னாடி ராத்திரி போடுற தண்ணி லைட் ஷோவும் ஃப்ரீ, கார்டன்ஸ் பை த பே பூங்காவுல செயற்கை மரங்கள் கீழ சாயங்காலம் 7.45க்கும் 8.45க்கும் போடுற லைட் ஷோவும் ஃப்ரீ. ஆக எங்க கிட்ட 26,900 வாங்கிட்டு வித்தது எல்லாமே சும்மா கிடைக்கிற சமாச்சாரம்!

அன்னைக்கு நடந்தது என்னன்னா, வேன் டிரைவரே கைடு, அவரு எங்கள ரோட்டோரமா இறக்கி விட்டு "ஒன்பதே காலுக்கு இதே இடத்துல நில்லுங்க, அஞ்சு நிமிஷத்துக்கு மேல வண்டி நிறுத்த முடியாது ஃபைன் போட்டுடுவான்"னு சொல்லிட்டு ஆறு வவுச்சரை கையில திணிச்சிட்டுப் போயிட்டாரு. அம்மா பட்டுப்புடவை, பெரியம்மா அவங்களுக்குப் போட்டியா இன்னொரு பட்டுப்புடவை. மழை தூறிக்கிட்டிருந்துச்சு. நாங்க நேரா கான்சர்ட் ஹால் வாசலுக்குப் போனோம்.

அங்க நின்ன அக்கா தமிழ்தான், முகத்தப் பாத்ததுமே "வாங்க, டிக்கெட் இருக்கா"ன்னு கேட்டாங்க. நான் வவுச்சரை நீட்டுனேன். அவங்க அதை ரெண்டு கையாலயும் வாங்கி முன்னாடி பாத்தாங்க, கட்டடத்தோட ஃபோட்டோ இழுத்து விட்ட மாதிரி அகலமா பிரிண்ட் ஆயிருக்கு, கீழ ஜெல் பேனாவுல "விஐபி ரோ ஏ"ன்னு கையால எழுதியிருக்கு. பார்கோடு எங்கன்னு திருப்பிப் பாத்தாங்க. பின்பக்கம் நம்ம டிராவல்ஸோட காசி ராமேஸ்வரம் யாத்திரை விளம்பரம். லேமினேட் வேற பண்ணியிருக்கான் பாவி. அந்த அக்கா சிரிக்கல, அதுக்கே அவங்களுக்கு ஒரு கும்பிடு. "அம்மா, இது எங்க டிக்கெட் இல்லம்மா, இன்னைக்கு இந்த ஹால்ல நடக்கப்போறது வேற ஷோ, மேற்கத்திய இசை, அதுக்கு தனி டிக்கெட். உங்களுக்கு சொன்னது அதோ வெளிய மேடையில நடக்குற நடனமா இருக்கும், அதுக்கு டிக்கெட்டே வேணாம், போய் உக்காருங்க, சீக்கிரம் போனா முன்னாடி இடம் கிடைக்கும்"னு வழி காட்டுனாங்க. பொடியனைப் பாத்துட்டு இன்னொண்ணும் சொன்னாங்க, ஹால் உள்ள நடக்குற பல ஷோவுக்கு ஆறு வயசுக்குக் கீழ குழந்தைங்களை விடவே மாட்டாங்களாம். அப்ப அந்த 1,900 ரூபா சைல்டு டிக்கெட், ஒருவேளை எல்லாமே உண்மையா இருந்திருந்தாக்கூட, அவனை உள்ள விட்டிருக்க மாட்டாங்க!

அம்மா ஒரு வார்த்தை பேசல. பெரியம்மாதான் "ஏன்டி, காசு குடுத்தோமேடி"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டே வந்தாங்க.

வெளிய போனா முன்வரிசைப் படி எல்லாம் ஏற்கனவே ஃபுல். டிஷ்யூ பாக்கெட் ஒண்ணை வச்சிட்டுப் போனா அந்த இடம் அவங்களுக்குன்னு ஊருக்கே ஒரு கணக்கு இருக்கு, குடையும் பையும் டிஷ்யூவுமா இடம் போட்டு வச்சிருந்தாங்க. மூட்டுவலிக்காரி பெரியம்மா படியில உக்கார முடியாம ஓரமா தூணைப் பிடிச்சிக்கிட்டு நின்னாங்க. ஒரு சைனீஸ் பொண்ணு அவங்களப் பாத்துட்டு தன் பையை எடுத்துட்டு நகந்து இடம் குடுத்துச்சு. நிகழ்ச்சி எப்டி இருந்துச்சுன்னு கேட்டா, சத்தியமா நல்லா இருந்துச்சு. சின்னப் பசங்க பரதம், ஜதி சுத்தம், பின்னாடி தண்ணி, அதுக்கு அந்தப்பக்கம் லைட்டெல்லாம், அம்மாவே கொஞ்ச நேரத்துல தாளம் போட ஆரம்பிச்சிட்டாங்க. எஸ்பிளனேட் மேல எனக்கு ஒரு துளி குறையும் இல்ல, அவங்க ஊருக்கே சும்மா குடுக்குறாங்க, நடுவுல ஒருத்தன் உக்காந்து அதுக்கு சீட்டு கிழிக்கிறான், அதான் வயிறு எரியுது.

அம்மா கேட்டது ஹால். அது கடைசி வரைக்கும் கிடைக்கல. அந்த ஹால்ல மேல ஏத்தி இறக்குற மாதிரி கூரை மூடி, சுத்தி எதிரொலிக்குன்னே கட்டுன அறைங்க, எந்த இசைக்கு எப்டி ஒலிக்கணுமோ அப்டி மாத்திக்கலாமாம். நான் அப்புறம் வெப்சைட்ல பாத்தேன், அதே விழாவுல வேற ஒரு நாள் ஹால் உள்ளயே நம்ம ஊர் கச்சேரி இருந்திருக்கு, கடைசி வரிசை டிக்கெட் இவன் வாங்குன 3,800ஐ விட ரொம்ப அதிகமெல்லாம் இல்ல. நிஜ டிக்கெட்டை வாங்கிக் குடுத்துட்டு மேல 500 கமிஷன் எடுத்திருந்தாக்கூட நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

அப்பா கதை தனி. அவரோட சித்தப்பா ஒருத்தர் மலாயா ரப்பர் தோட்டத்துல இருந்து நேதாஜி படைக்குப் போனவரு. எஸ்பிளனேட்ல இருந்து பொடிநடை தூரத்துல எஸ்பிளனேட் பார்க், அங்கதான் அந்தப் படையோட, அதாவது ஐஎன்ஏவோட நினைவிடம் இருந்த இடம். 1945 ஜூலை 8ம் தேதி போஸ் அடிக்கல் நாட்டுனது, அதே வருஷம் பிரிட்டிஷ்காரன் திரும்பி வந்ததும் இடிச்சுட்டான், 1995ல அந்த இடத்துல ஒரு அடையாளச் சின்னம் வச்சிருக்காங்க. அப்பா அதைப் பாக்கணும்னு டிரைவர்கிட்ட கேட்டா "அதெல்லாம் பேக்கேஜ்ல இல்ல அங்கிள், டைம் இல்ல"ன்னுட்டாரு. டைம் எங்க போச்சுன்னா, அதுக்கு முன்னாடி ஒரு சாக்லேட் கடை, ஒரு வாசனைத் தைலக் கடை, ரெண்டுலயும் சேத்து ஒன்றரை மணி நேரம் உக்கார வச்சதுல போச்சு. காசாக்க முடியாத ஃப்ரீ இடம் எதுவும் இவனுங்க லிஸ்ட்ல ஏறாது போல.

ராத்திரி ஹோட்டலுக்கு வந்து டிராவல்ஸ்காரருக்கு ஃபோன் பண்ணேன். முதல்ல எடுக்கல. அப்புறம் வாட்ஸ்அப்ல வந்த பதிலை அப்டியே போடறேன்: "மேடம் ப்ரோக்ராம் பாத்தீங்கல்ல மேடம். அது டிக்கெட் காசு இல்ல மேடம், அரேஞ்ச்மென்ட் சார்ஜ்." என்ன அரேஞ்ச்மென்ட்னு கேட்டேன். "லேமினேஷன், கோஆர்டினேஷன் எல்லாம் இருக்குல்ல மேடம்." லேமினேஷனுக்கு 20,900 ரூபா வாங்குற கடை திருச்சியில எங்கயும் நான் பாத்ததில்ல. மெர்லயனுக்கு என்ன சார்ஜுன்னு கேட்டதுக்கு ப்ளூ டிக் மட்டும் வந்துச்சு.

ஊருக்கு வந்து 1915க்கு அடிச்சேன், அது நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம். கம்ப்ளெயின்ட் பதிவு பண்ணி நம்பர் குடுத்தாங்க, டிராவல்ஸ்காரர் அதுக்கு மதிப்பே குடுக்கல. அப்புறம்தான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு. இது பெரிய விஷயம்னு பயப்படாதீங்க, 2019 சட்டப்படி நாம குடியிருக்குற ஊர்லயே கேஸ் போடலாம், குடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ள இருந்தா கோர்ட் ஃபீஸ் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்ல, ஆன்லைன்லயும் போடலாம், ஆனா சம்பவம் நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். முக்கியமா, பில்லு குடுக்காம இருக்குறதையே அந்தச் சட்டம் முறையற்ற வியாபாரம்னு சொல்லுது. "பில்லு போட்டா ஜிஎஸ்டி ஏறிடும்"னு அந்த ஆளு சொன்னது வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்லயும் இருக்கு, ரொம்ப சந்தோஷம். இன்னொரு அடையாளமும் பாத்து வச்சுக்கோங்க, வெளிநாட்டு டூர் பேக்கேஜ் விக்கிறவங்க டிசிஎஸ்னு ஒரு வரியை நம்ம கிட்ட பிடிச்சு நம்ம பான் நம்பர்ல கட்டணும், அது நம்ம வருமான வரிக் கணக்குல காட்டும். உங்க ஆளு பான் கார்டே கேக்கலன்னா காசு கணக்குல ஏறுதான்னு சந்தேகப்படுங்க.

பேக்கேஜ் எடுக்கவே கூடாதுன்னு சொல்லல, வயசானவங்களோட போறப்ப வண்டி, ஹோட்டல், சாப்பாடுன்னு அது வசதிதான். ஆனா எந்த ஷோவா இருந்தாலும் நிகழ்ச்சி பேரு, தேதி, எந்த ஹால், சீட் நம்பர் கேளுங்க, எஸ்பிளனேட் வெப்சைட்ல அந்தத் தேதியைத் தட்டுனா அன்னைக்கு எந்த மேடையில என்ன, ஃப்ரீயா டிக்கெட்டான்னு எல்லாம் வரும். ஹால் டிக்கெட் எடுத்தா நேரத்துக்குப் போயிடுங்க, லேட்டானா இடைவெளி வர்ற வரைக்கும் வெளியதான் நிக்கணும். மழை நாளா இருந்தா சிட்டி ஹால் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) ஸ்டேஷன்ல இறங்குங்க, சிட்டிலிங்க் மால் வழியா தரைக்கடியிலயே நனையாம நடந்து வந்துடலாம், வேன்காரன் இறக்கி விடுற ரோட்டோரத்தை விட அது எவ்வளவோ மேல்.

கேஸ் நோட்டீஸ் போனதும் அந்த ஆளுகிட்ட இருந்து ஒரு மெசேஜ் வந்துச்சு, "மேடம் பேசித் தீத்துக்கலாம், அடுத்த மலேசியா டூர்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்"னு. நான் பதில் போடல. நேத்து அவன் ஸ்டேட்டஸைப் பாத்தா அதே அகலமா இழுத்த கட்டடம் ஃபோட்டோ, அதே விஐபி சீட், ரேட்டு மட்டும் 4,500 ஆயிருக்கு, கீழ "லிமிடெட் சீட்ஸ், ஹர்ரி அப்"னு எழுதியிருக்கு. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மனுவோட சேத்தாச்சு. இதே மாதிரி லேமினேட் பண்ண வவுச்சர் உங்க வீட்ல யாருகிட்டயாவது கிடந்தா தூக்கிப் போட்டுடாதீங்க, ஜிபே ஹிஸ்டரியையும் அழிக்காதீங்க, எனக்கு மெசேஜ் பண்ணுங்க, ஆணையத்துல சேந்தே போய் நிப்போம்.