ஆர்.எஃப்.ஐ.டி. கைப்பட்டி வாங்கப் போகிறீர்களா? காசு கட்டுவதற்கு முதல் இதை வாசியுங்கள்

திருகோணமலை உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரையில் நிகழ்ச்சி வைக்கிற சங்கங்கள், ஹோட்டல்காரர், விளையாட்டுக் கழகப் பொடியள் எல்லாரும் தயவுசெய்து இதை முழுக்க வாசியுங்கள். ரேடியோ அலையால் வாசிக்கிற ஆர்.எஃப்.ஐ.டி. சில்லு (சிப்) வைத்த, கையில் கட்டி ரீடரில் தொட்டுக் காசு கழிக்கிற கைப்பட்டி என்று எங்களுக்கு ஒரு சரக்கு விற்றார்கள். "ஒருக்கால் பூட்டினால் வெட்டித்தான் எடுக்கலாம், கொப்பி பண்ணவே ஏலாது" என்றார்கள். இரண்டும் பொய். அந்தப் பொய்யால் காசு போனது ஒரு பக்கம். எந்தத் தப்பும் செய்யாத ஒரு பொடியனை ஊருக்கு முன்னால் கள்ளனைப் போல நிறுத்தி வைத்தோம். இந்தப் பதிவை நான் எழுதுவது முக்கியமாக அதற்காகத்தான்.

எங்கள் ஊர் முன்பள்ளிக்குக் கூரை போட வேண்டியிருந்தது. போன வருடமும் இதே நோக்கத்துக்காகக் கடற்கரையில் சாப்பாட்டுக் கடைகளும் பாட்டுக் கச்சேரியும் வைத்தோம். அப்போது கடதாசிக் கூப்பன். யாரோ டவுனில் கலர் கொப்பி அடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். போதாததற்கு, பின்னேரம் கச்சான் காற்று அடித்துக் கவுன்டரில் இருந்த கூப்பன் கத்தையை அப்படியே கடலுக்குள் கொண்டு போனது. அதனால் இந்த முறை கைப்பட்டி என்று கூட்டத்தில் முடிவெடுத்தோம். நான் சங்கத்தின் பொருளாளர். டவுனில் போன் திருத்துகிற கடையும் வைத்திருக்கிறேன். "உனக்குத்தானே இது தெரியும்" என்று பொறுப்பை என்னிடம் தந்தார்கள்.

கொழும்பில் ஒரு நிறுவனத்தோடு கதைத்தோம். முறைப்பாடு நடந்துகொண்டிருப்பதால் பெயர் எழுதவில்லை. ஒரு பட்டி 380 ரூபாய். 700 பட்டிக்கு 266,000. எட்டு ரீடரும் மென்பொருளும் வாடகைக்கு 90,000. பாதி முற்பணம். அதற்கு முதல் மூன்று மாதிரிப் பட்டிகளை கூரியரில் அனுப்பினார்கள். நல்ல நெசவுத் துணி, அதில் கோத்த, உள்ளே சில்லு வைத்த சின்னப் பிளாஸ்டிக் வில்லை, இழுத்தால் முன்னுக்கு மட்டும் போகிற பூட்டு. என் போனில் இப்படியான சில்லைக் கிட்ட வைத்து வாசிக்கிற என்.எஃப்.சி. வசதி இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் வைத்தேன். உடனே அதிர்ந்து, உள்ளே இருப்பது என்டேக் 213 என்று காட்டியது. 13.56 மெகாஹேர்ட்ஸில் வேலை செய்கிற, தொழிற்சாலையிலேயே தனி எண் பதித்து வருகிற சில்லு அது. சரி என்று 178,000 ரூபாயை வங்கியில் போட்டோம்.

சரக்கு வந்தது நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னால், வியாழன் விடிய, இரவு பஸ்ஸில். மீதிக் காசு வந்தால்தான் பார்சல் பஸ் ஏறும் என்று புதன் மத்தியானம் சொல்லிவிட்டார்கள். வேறு வழி இல்லாமல் அனுப்பினேன். நூறு நூறாக ஏழு பெட்டி. எண்ணிப் பார்த்தேன், நிறம் பார்த்தேன், எங்கள் சங்கத்தின் பெயர் சரியாக அடித்திருக்கிறதா என்று பார்த்தேன். அன்று இரவுதான் ஒன்றை எடுத்துப் போனில் வைத்தேன். போன் சத்தமே போடவில்லை. இன்னொன்று, இன்னொன்று என்று பத்துப் பட்டி வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

எடுத்துக் கேட்டேன். "அண்ணை, அது செக்கியூரிட்டிக்காக லொக் பண்ணினது. எங்கட ரீடரில மட்டும்தான் வாசிக்கும்" என்றார் அந்தத் தம்பி.

இந்த இடத்தைக் கவனியுங்கள், உங்களுக்கும் இதையே சொல்லக்கூடும். என்டேக் போன்ற சில்லை லொக் பண்ணினால் உள்ளே எழுதுவதைத் தடுக்கலாம், கடவுச்சொல் போட்டு உள்ளே இருப்பதை மறைக்கலாம். ஆனால் போனை வைத்ததும் அது தன் எண்ணைச் சொல்லத்தான் செய்யும். போன் அசையவே இல்லை என்றால் உள்ளே இருப்பது வேறு சாதிச் சில்லு. எனக்கு அது அந்த நேரமே மனதில் பட்டது. பட்டும், நாளைக்கு மறுநாள் நிகழ்ச்சி, 600 டிக்கெட் விற்றாயிற்று என்ற பயத்தில் அவர் சொன்னதை நம்பிக்கொண்டேன்.

சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குத் தொடங்கியது. முதல் ஒரு மணித்தியாலம் நல்ல வடிவாகப் போனது. ஏழு மணி போல அலஸ்தோட்டத்திலிருந்து வந்த பெரியம்மா ஒருவர் அப்பக் கடைக்கு முன்னால் நின்று அழத் தொடங்கிவிட்டார். பட்டியில் 2,000 ரூபாய் போட்டவர். பேரப்பிள்ளைகளுக்கு அப்பம் வாங்கியது 200. மிச்சம் 1,800 இருக்க வேண்டும். ரீடர் 340 என்று காட்டியது. பட்டியலைத் திறந்து பார்த்தால் பொரித்த கணவாய் 900, இறால் வடையும் தேத்தண்ணியும் 260 என்று இருந்தது. "நான் கணவாய் தின்னிறதே இல்லை மகன், எனக்கு ஒவ்வாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

கணவாய்க் கடையில் நின்றது ஏ.எல். எழுதிவிட்டு இருக்கிற ஒரு பொடியன். காசு வாங்காமல் உதவிக்கு வந்தவன். கூட்டத்தில் யாரோ "பெரிய பில்லை வேற ஆளின்ர பட்டியில தட்டியிருப்பான்" என்றார்கள். அந்தக் கதை ஐந்து நிமிடத்தில் கடற்கரை முழுக்கப் போய்விட்டது. நான் போய் அவனிடம் ரீடரைக் கேட்டு வாங்கினேன். நான் ஒன்றும் குற்றம் சாட்டவில்லைதான், ஆனால் வாங்கிய விதத்திலேயே எல்லாம் இருந்தது. அவன் ஒன்றும் பேசாமல் ஏப்ரனைக் கழற்றினான். கால்சட்டைப் பொக்கெட் இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டினான். மேசையில் வைத்தது சைக்கிள் திறப்பு, இரண்டு நூறு ரூபாய்த் தாள், மடித்த கைலேஞ்சி. எண்ணெய்ச் சட்டி கொதித்துக்கொண்டே இருந்தது. சைக்கிளையும் எடுக்காமல் கடற்கரையோடு நடந்து வீட்டுக்குப் போய்விட்டான்.

வாசலில் அதற்குள் வேறு பிரச்சினை. விற்ற டிக்கெட்டை விட உள்ளே ஆள் கூட. குளிக்கப் போகிற சாட்டில் ஒருவன் வெளியே போவதும், பட்டி எல்லைக் கயிற்றுக்கு அப்பால் இன்னொரு கைக்குப் போவதுமாக இருந்திருக்கிறது.

ஞாயிறு காலை கடையைத் திறந்து மேசை லைட்டைப் போட்டுக்கொண்டு இருந்தேன். மாதிரிப் பட்டியையும் வந்த பட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வெளியில் இருந்து பார்த்தால் ஒரே பட்டி. மாதிரியின் பூட்டைக் கட்டரால் வெட்டிப் பிளந்தேன். உள்ளே இரண்டு பக்கமும் கூரான பற்கள், பின்னுக்கு இழுக்க இழுக்கத் துணியைக் கடிக்கிற மாதிரி. வந்த பட்டியின் பூட்டைப் பிளந்தால் உள்ளே அரிசிமணி அளவு ஒரு பிளாஸ்டிக் நாக்கு மட்டும். வெட்டாத இன்னொரு பட்டியைக் கையில் கட்டி, ஊசியை உள்ளே விட்டு அந்த நாக்கைத் தூக்கினேன். பூட்டு வழுக்கிக்கொண்டு பின்னால் வந்தது. பிறகு கையை உப்புத் தண்ணியில் நனைத்துக்கொண்டு பார்த்தேன். ஊசியே தேவைப்படவில்லை. திரும்பப் பூட்டினால் கழற்றிய அடையாளம் ஒன்றும் இல்லை.

அடுத்தது சில்லு. போன் வாசிப்பது 13.56 மெகாஹேர்ட்ஸ் சில்லை மட்டும்தான், வந்த பட்டிக்குள் இருந்தது 125 கிலோஹேர்ட்ஸ் சில்லு. எனக்குத் தெரிந்த ஒரு பூட்டுத் திறப்புக் கடைக்கார அண்ணனிடம் 125 கிலோஹேர்ட்ஸ் சாவி கொப்பி எடுக்கிற கைமெஷின் இருக்கிறது. மாடிக் குடியிருப்புகளின் கதவுச் சாவிக்குப் பாவிப்பது. பட்டியை வைத்து ஒரு பட்டன், வெற்றுச் சாவியை வைத்து இன்னொரு பட்டன். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை, அந்தச் சாவி எங்கள் பட்டியாகிவிட்டது. ரீடர் இரண்டையும் ஒரே ஆளாக எடுத்துக்கொண்டது. இந்த ரகச் சில்லுக்குக் கடவுச்சொல்லும் இல்லை, ஒன்றும் இல்லை. எந்த ரீடர் கிட்ட வந்தாலும் தன் எண்ணைச் சொல்லிவிடும். வெற்றுச் சில்லில் விரும்பிய எண்ணை எழுதலாம். காசு வைக்கிற வேலைக்கு இதைத் தரவே கூடாது.

பிறகு, திரும்பி வந்த பட்டிகளையும் விற்காமல் மிஞ்சியவற்றையும் ஒவ்வொன்றாக வாசித்து, வெளியே அச்சடித்த எண்ணையும் உள்ளே இருந்த எண்ணையும் எக்செலில் பதிந்தேன். உள் எண் வரிசையில் அடுக்கியதும் விளங்கிவிட்டது. ஏழாவது பெட்டி, இரண்டாவது பெட்டியின் நகல். இரண்டு பெட்டியையும் ஒரே எண்ணிலிருந்து தொடங்கி எழுதியிருக்கிறார்கள். பெரியம்மாவின் கையில் இருந்தது 0148. கிண்ணியாவிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவரின் கையில் 0648. அச்சில் இரண்டு, ரீடருக்கு ஒன்று. அவர் ஆறு மணிக்கு 1,500 ரூபாய் போட்டபோது மென்பொருள் பெரியம்மாவின் மிச்சத்தை அழித்துவிட்டு அந்த 1,500ஐ எழுதியிருக்கிறது. அவர் தன் காசில் கணவாய் வாங்கினார், வடையும் தேத்தண்ணியும் வாங்கினார். 1,500இல் 1,160 போக 340. அவருடைய கணக்குச் சரி. பொடியன் தட்டியதும் சரி. நூறு சோடியில் எத்தனை பேருக்கு இப்படி நடந்தது என்று தேடித் தேடிக் காசைத் திருப்பிக் கொடுத்தோம்.

அன்று பின்னேரமே தலைவரும் நானும் அந்தப் பொடியனின் வீட்டுக்குப் போனோம். அவனுடைய தாய்க்கும் தகப்பனுக்கும் முன்னால் எக்செல் பட்டியலைக் காட்டி, நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டோம். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பெரியம்மாவுக்குக் காசு குடுத்திட்டீங்களா அண்ணன்?" அன்று கடற்கரையில் அந்தக் கதையைக் கேட்டவர்கள் இதை வாசித்தால், கேட்ட இடத்திலெல்லாம் போய்ச் சொல்லுங்கள். அவன் ஒரு ரூபாயும் எடுக்கவில்லை.

நிறுவனத்தைக் கேட்டபோது முதலில் "சைனாவில இருந்து அப்படித்தான் வந்தது" என்றார்கள். பிறகு "நீங்கள் ஓடர் பண்ணினது ஆர்.எஃப்.ஐ.டி. பட்டி, நாங்கள் தந்ததும் ஆர்.எஃப்.ஐ.டி. பட்டி" என்றார்கள். பிறகு போன் எடுப்பதே இல்லை. அவர்கள் பிடித்தது எங்கள் கொட்டேஷனைத்தான். அதில் "ஆர்.எஃப்.ஐ.டி. ரிஸ்ட்பாண்ட் 700" என்று மட்டும் இருந்தது. ஆர்.எஃப்.ஐ.டி. என்பது ஒரு பொருளின் பெயரில்லை. 125 கிலோஹேர்ட்ஸும் அதுதான், 13.56 மெகாஹேர்ட்ஸும் அதுதான், களஞ்சியங்களில் தூரத்திலிருந்து வாசிக்கிற 860 முதல் 960 மெகாஹேர்ட்ஸ் வரையானதும் அதுதான். சில்லின் பெயரையும் அலைவரிசையையும் பூட்டின் வகையையும் எழுத்தில் கேளுங்கள். "மைஃபேர் கிளாசிக்" என்ற சில்லுத் தருகிறோம் என்றாலும் யோசியுங்கள். அது 1994இல் வந்தது, அதன் குறியாக்கத்தை (உள்ளே இருப்பதை மறைத்துக் காக்கிற முறையை) 2008இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டிவிட்டார்கள். பெரிய தொகை புழங்கும் நிகழ்ச்சி என்றால் ஏ.ஈ.எஸ். குறியாக்கம் உள்ள டெஸ்ஃபயர் அல்லது என்டேக் 424 சில்லுக் கேளுங்கள், ரீடரும் மென்பொருளும் அந்தக் குறியாக்கத்தை உண்மையிலேயே சரிபார்க்கிறதா என்றும் கேளுங்கள். வெறும் எண்ணை மட்டும் வாசிக்கிற மென்பொருளுக்கு விலை கூடின சில்லுப் போட்டும் பிரயோசனம் இல்லை. பட்டியை வெட்டினால், அடுத்த முறை ரீடரில் வைக்கும்போது சில்லு அதை நிரந்தரமாகப் பதிந்து வைக்கிற ரகமும் இருக்கிறது, என்டேக் 213 டிடி என்று பெயர். எங்களுக்கு அது தேவைப்பட்டிருக்காது. பல் உள்ள பூட்டே போதும்.

மாதிரியை நம்பாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், மாதிரியைப் பத்திரமாக வையுங்கள். மூன்றில் ஒன்றை நான் வெட்டினேன், மற்ற இரண்டும் இப்போது எங்களுக்குச் சாட்சி. எங்களுக்கு ஆலோசனை சொன்ன சட்டத்தரணி அக்கா காட்டித் தந்தது, 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். மாதிரி காட்டி விற்றால் மொத்தச் சரக்கும் தரத்தில் மாதிரியோடு ஒத்திருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறதாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தள்ளிப் போடாதீர்கள். அவர்களுடைய அவசர இலக்கம் 1977.

சரக்கைப் பார்ப்பதற்கு முதல் முழுக் காசையும் அனுப்பியது என் பிழை. பெட்டி கையில் வந்து, ஒவ்வொரு பெட்டியிலும் பத்துப் பட்டி போனில் வைத்துப் பார்த்து, ஊசி விட்டுப் பார்த்து, நனைத்துப் பார்த்து, பிறகு மீதிக் காசு. அவர்கள் சம்மதிக்காவிட்டால் கடதாசிக் கூப்பனே மேல், கல்லு வைத்து அமத்தினால் காற்றுக்குப் போகாது.

முன்பள்ளிக்கு ஒரு பக்கக் கூரைக்குத்தான் தகரம் வாங்க முடிந்தது. மற்றப் பக்கம் இன்னும் தறப்பாள்.

இரண்டாவது பெட்டியும் ஏழாவது பெட்டியும் என் கடையில் இருக்கின்றன. 125க்கும் 13.56க்கும் ரீடர் வாங்கி வைத்திருக்கிறேன். யாராவது இந்த சீசனுக்குப் பட்டி எடுப்பதென்றால் காசு கட்டுவதற்கு முதல் கொண்டு வாருங்கள், வாசித்துப் பார்த்துச் சொல்கிறேன். காசு வேண்டாம்.