மொரிஸ் மைனரின் மீற்றரைத் திரும்பப் பூட்டி நாலு வருடம்

எங்கள் வீட்டு மொரிஸ் மைனர் 1959ஆம் ஆண்டு வண்டி, 948 சிசி எஞ்சின். யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த நாட்களில் அப்பா இதை மண்ணெண்ணெயில் ஓடினார். ஸ்டார்ட் எடுக்க மட்டும் கொஞ்சம் பெற்றோல். நாலு வருடத்துக்கு முன், டாஷ்போர்ட்டின் துருவைச் சுரண்டிப் பெயின்ற் அடிப்பதற்காக மீற்றரைக் கழற்றினேன். கழற்ற அரை மணி நேரம்தான். எல்லாம் சரியாக வேலை செய்யும்படி பூட்டி முடிக்க மூன்று மாதம் போனது.

1954 கடைசியிலிருந்து வந்த மைனர்களில் டாஷ்போர்ட்டின் நடுவில் ஒரே பெரிய வட்ட மீற்றர்தான். வேகம், எரிபொருள், எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் அதற்குள்ளேயே. அதனால் பின்பக்கம் வயர்கள் நெருக்கமாக இருக்கும். பற்றரியைக் கழற்றாமல் அங்கே கை வைக்கவே கூடாது. கழற்றும்போது ஒவ்வொரு வயரிலும் துண்டுக் காகிதம் ஒட்டி எழுதி வைத்தேன். லூகாஸ் நிறமுறை (வண்டியின் மின் பாகங்களைச் செய்த லூகாஸ் கம்பனியின் வயர் நிறங்கள்) தெரிந்தால் பாதிக் கவலை தீரும்: பச்சை, இக்னிஷன் போட்டால் பியூஸ் வழியாக வரும் மின்சாரம், பச்சையில் கறுப்புக் கோடு, பெற்றோல் தாங்கியிலிருந்து வருவது, வெள்ளையில் மண்ணிறக் கோடு, ஒயில் விளக்கு, சிவப்பில் வெள்ளைக் கோடு, மீற்றர் விளக்கு.

பூட்டிய அன்று பெற்றோல் முள் நேராக நிரம்பிய பக்கம் போய் நின்றது. முதல் நாள்தான் பெற்றோல் அடித்திருந்தேன், அதனால் சந்தேகம் வரவில்லை. இரண்டு கிழமை கழித்து, ஆனையிறவு தாண்டிக் கிளிநொச்சிக்குப் போகும் வழியில் வண்டி நின்றது. அப்போதும் முள் நிரம்பியதாகவே காட்டியது. மகளும் அம்மாவும் வெயிலில் நிற்க, நான் ஒரு பஸ்ஸை மறித்து ஏறிப் போய்ப் போத்தலில் பெற்றோல் வாங்கி வந்தேன். அன்று அம்மாவின் முகத்தைப் பார்த்ததை நான் மறக்கவில்லை.

காரணம் அந்தப் பச்சை கறுப்பு வயர். முனையில் சரியாக இறுகவில்லை. இந்தப் பழைய வகைப் பெற்றோல் மானியில் தாங்கி வயர் விட்டுப்போனால் முள் நிரம்பியதாகக் காட்டும், அந்த வயர் வண்டியின் உலோக உடலில் முட்டினால் காலி என்று காட்டும். பிறகு வந்த, முள் மெதுவாக ஏறும் வகையில் இது தலைகீழ். உங்கள் வண்டியில் எது என்று பார்க்க இக்னிஷனைப் போட்டாலே போதும்: முள் சட்டென்று துள்ளினால் பழையது.

அடுத்தது வெளிச்சம். புதுப் பெயின்ற் அடித்த டாஷ்போர்ட் மின்சாரத்தைக் கடத்தாது. மீற்றரின் உடல் வழியாகத்தான் விளக்குகளுக்கு எர்த், அதாவது வண்டியின் உடலோடு மின் தொடர்பு, கிடைக்கிறது. இரவில் எண்களே தெரியவில்லை. எங்கள் கராஜ் அண்ணை வந்து பார்த்துவிட்டு, “தம்பி, பெயின்றுக்கு மேலே எர்த் எப்பிடி வரும்?” என்று கேட்டார். ஒரு ஸ்குரூத் துளையைச் சுற்றிப் பெயின்றைச் சுரண்டி, தனியாக ஒரு கறுப்பு வயரையும் இழுத்தோம். நாலு வருடமாக அது மங்கவே இல்லை. எல்ஈடி பல்பும் போட்டுப் பார்த்தேன், எரியவில்லை. இந்த வண்டிக்கு பொசிற்றிவ் எர்த், அதாவது பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் வண்டியின் உடலோடு சேர்ந்திருக்கும்; கடையில் வரும் பல்புகள் பெரும்பாலும் நெகற்றிவ் எர்த்துக்குச் செய்தவை. பழைய 2.2 வாற் திருகு பல்பே போதும்.

அப்புறம் ஸ்பீடோமீற்றர் கேபிள். முள் முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையே ஆடியது, உள்ளே கீச்சென்ற சத்தம் வேறு. மீற்றரைத் தள்ளிப் பொருத்தும்போது கேபிள் பின்னால் மடிந்திருந்தது. வளைவு ஆறு அங்குல ஆரத்துக்குக் குறையக் கூடாது. உள் கம்பிக்குக் கிரீஸ் பூசும்போது மேல் எட்டு அங்குலத்தைக் காய விட வேண்டும், இல்லாவிட்டால் கிரீஸ் மேலேறி மீற்றருக்குள் போய்விடும். கம்பியின் சதுர முனை உள்ளே விழுந்ததை விரலால் உணர்ந்த பிறகுதான் நட்டைத் திருகுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடம், அவசரப்பட்டால் மரை போய்விடும். சரிசெய்த நாளிலிருந்து முள் அமைதியாக ஏறி இறங்குகிறது.

மைனருக்கான தகடுகளை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிய காலம் ஒன்று உண்டு. ஆனால் மீற்றர் பாகங்களுக்கு அந்த வசதி இல்லை. கண்ணாடியைச் சுற்றியுள்ள றப்பரை அப்போதே மாற்றியிருக்க வேண்டும், நல்லதாய் இருக்கிறது என்று விட்டுவிட்டேன். இப்போது மாரி காலத்தில் காலையில் கண்ணாடிக்குள் ஆவி படிகிறது, பத்து மணிக்கு மேல்தான் எண்கள் தெளிகின்றன. றப்பர் சொல்லிவிட்டிருக்கிறேன். வந்ததும் மறுபடி கழற்ற வேண்டும், காகிதத் துண்டுகளை இன்னும் எறியவில்லை.