புதிதாக எழுதுவதா, இருப்பதைத் திருத்துவதா, லிங்க் தேடுவதா, வேகத்தைக் கூட்டுவதா?

தளம் ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிவிட்டது, இருபது முப்பது பக்கங்களும் இருக்கின்றன, ஆனால் கூகுளிலிருந்து ஆளே வரவில்லை. இந்த நிலையில் யாரிடம் கேட்டாலும் வரும் ஆலோசனை நான்கு வகைதான். இன்னும் எழுது என்பார் ஒருவர், இருப்பதைத் திருத்து என்பார் இன்னொருவர், பேக்லிங்க் (மற்ற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் லிங்க்) இல்லாமல் எதுவும் நகராது என்பார் மூன்றாமவர், தளம் மெதுவாக இருக்கிறது அதைச் சரிசெய் என்பார் நான்காமவர். நான்கிலும் உண்மை இருக்கிறது. ஆனால் வாரத்துக்கு நாலைந்து மணி நேரம்தான் ஒதுக்க முடியும் என்கிற ஆளுக்கு நான்கும் ஒன்றாகிவிடாது. என்னைக் கேட்டால் இருப்பதைத் திருத்துவதுதான் முதல் வேலை.

அதற்கும் முன்னால் ஒரு நிமிடச் சோதனை. கூகுளில் ஆங்கிலத்தில் சைட் என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் டொமைன் பெயரைச் சேர்த்துத் தேடிப் பாருங்கள். ஒரு பக்கம்கூட வரவில்லை என்றால் இந்த ஒப்பீடே உங்களுக்கு இப்போது வேண்டாம், ஏனென்றால் தளம் இன்டெக்ஸிலேயே, அதாவது கூகுள் தேடலுக்காகச் சேர்த்துவைத்திருக்கும் பட்டியலிலேயே இல்லை. வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் செட்டிங்ஸ், ரீடிங் பகுதிக்குப் போனால் தேடுபொறிகள் வரவேண்டாம் என்று சொல்லும் ஒரு டிக் பெட்டி இருக்கும். தளம் கட்டும்போது போட்ட டிக்கை எடுக்க மறந்துவிடுவது நிறையவே நடக்கிறது. ரோபோட்ஸ் கோப்பையும் (எந்தப் பக்கங்களைப் படிக்க வரக்கூடாது என்று தேடுபொறிகளுக்குச் சொல்வது) நோஇன்டெக்ஸையும் (இந்தப் பக்கத்தை முடிவுகளில் காட்டாதே என்று சொல்லும் குறிப்பு) குழப்பிக்கொள்ளக் கூடாது. ரோபோட்ஸ் கோப்பில் தடுத்தால் கூகுள் அந்தப் பக்கத்தைப் படிக்காது, ஆனால் வேறு தளங்களில் லிங்க் இருந்தால் முகவரி மட்டும் முடிவுகளில் வந்துவிடலாம். பக்கமே வரக்கூடாது என்றால் நோஇன்டெக்ஸ்தான் வேண்டும், அதைக் கூகுள் படிக்க வழியும் விட்டிருக்க வேண்டும்.

திருத்துவதா, புதிதாக எழுதுவதா

உங்கள் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் அறிக்கைக்குப் போங்கள். ஆரம்பத்தில் கிளிக்கும் இம்ப்ரஷனும் (முடிவுகளில் உங்கள் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது என்பது) மட்டும்தான் தெரியும், ஆவரேஜ் பொசிஷன் பெட்டியையும் தொட்டு எரியவிடுங்கள். 16 மாதத் தரவு வரை அங்கே கிடைக்கும். இதில் சராசரி இடம் 8 முதல் 20 வரை இருக்கிற தேடல் சொற்களை மட்டும் பிரித்துப் பாருங்கள். கூகுள் உங்கள் பக்கத்தை ஏற்கெனவே பொருத்தமானது என்று எடுத்துவைத்து, ஆனால் மேலே ஏற்றத் தயங்கி நிற்கிற இடங்கள் இவை. இங்கே ஒரு மணி நேரம் செலவழித்தால் கிடைக்கும் பலன், புதுக் கட்டுரையில் ஒரு முழு நாள் செலவழித்தாலும் பல நேரம் கிடைக்காது.

ஒரு சைக்கிள் பழுதுபார்ப்புத் தளத்தை எடுத்துக்கொள்வோம். 'செயின் பராமரிப்பு' என்று ஒரு பக்கம், அதற்கு வந்த தேடல்களைப் பார்த்தால் 'கியர் மாற்றும்போது செயின் கழன்று விழுகிறது' என்பதுதான் அதிகம். பக்கத்தைத் திறந்தால் அந்தக் கேள்விக்கான பதில் ஏழாவது பத்தியில் ஒரே ஒரு வரியில் ஒளிந்திருக்கிறது. தேடி வந்தவருக்குக் கையில் கிரீஸ், எதிரே கவிழ்த்துவைத்த சைக்கிள். அவர் ஏழாவது பத்தி வரைக்கும் வரமாட்டார். சரி, என்ன செய்யலாம்? அந்தக் கேள்வியைத் துணைத்தலைப்பாக்கி மேலே கொண்டுவருகிறோம். செயின் உள்பக்கமாகச் சக்கரக் கம்பிகளின் மேல் விழுந்தால் பின்கியர் மாற்றியில் எல் என்று குறித்த திருகாணி, வெளிப்பக்கமாக விழுந்தால் ஹெச் என்று குறித்தது, ஒரு நேரத்தில் கால் திருப்புக்கு மேல் வேண்டாம் என்று தெளிவாக எழுதி, நாமே எடுத்த படத்தையும் போடுகிறோம். டைட்டிலில் 'பராமரிப்பு' என்ற பொதுச்சொல்லோடு நிற்காமல் செயின் கழன்று விழும் சிக்கலையும் சேர்க்கிறோம். அப்புறம் தளத்தின் மற்ற இரண்டு மூன்று பக்கங்களிலிருந்து இதற்கு லிங்க், அதுவும் 'இங்கே கிளிக் செய்யவும்' என்ற சொல்லில் இல்லாமல் 'செயின் கழன்று விழுந்தால்' என்ற சொல்லிலேயே. பக்கத்தின் முகவரியை மட்டும் மாற்றாதீர்கள். மாற்றியே ஆகவேண்டும் என்றால் பழையதிலிருந்து புதியதுக்கு வருபவரை நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 ரீடைரக்ட் கட்டாயம்.

மெட்டா டிஸ்கிரிப்ஷன் (தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே வரக்கூடிய சுருக்கம்) ரேங்கை, அதாவது முடிவுகளில் உங்கள் இடத்தை, ஏற்றாது, ஆனால் நன்றாக இருந்தால் கிளிக் கூடும், அதனால் இரண்டு வரி ஒழுங்காக எழுதிவிடுங்கள். பக்கத்தின் கோடில் மறைவாக எழுதும் மெட்டா கீவேர்ட்ஸ் பட்டியலை மறந்தே விடலாம். ரேங்க் செய்ய அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது, இன்னமும் பலர் அதை உட்கார்ந்து நிரப்பிக்கொண்டிருப்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

புதிதாக எழுதுவது எப்போது ஜெயிக்கும் என்றால், உங்கள் தளத்தில் அந்த விஷயமே இல்லாதபோது. மொத்தமே ஐந்து பக்கம்தான் என்றால் திருத்த என்ன இருக்கிறது, எழுதத்தான் வேண்டும். ஆனால் எண்ணிக்கைக்காக எழுதுவது ஆபத்து. சத்தில்லாத பக்கங்களைக் குறிவைத்து 2011 பிப்ரவரியில் பாண்டா என்ற கூகுள் தேடல் மாற்றம் வந்தது, 2024 மார்ச்சில் ரேங்குக்காக மட்டும் மொத்தமாகப் பக்கங்களை உற்பத்தி செய்வதையே ஸ்பேம் விதிகளில் சேர்த்தார்கள். இன்னொன்று, ஒரே கேள்விக்கு மூன்று கட்டுரை எழுதினால் மூன்றும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். அந்த மூன்றையும் ஒன்றாக்குவது நான்காவது எழுதுவதைவிட நல்லது.

பேக்லிங்க்

கூகுள் பிறந்ததே லிங்க்கை ஓட்டாக எண்ணும் யோசனையில்தான். லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-ல் சொன்ன பேஜ்ரேங்க் அதுதான், அதனால் லிங்க்கில் பயனில்லை என்று நான் சொல்லமாட்டேன். சிக்கல் எங்கே என்றால், தானாக வரும் லிங்க்குக்கும் காசு கொடுத்து வாங்கும் லிங்க்குக்கும் உள்ள தூரம். 'குறைந்த விலையில் 500 பேக்லிங்க்' என்று வரும் மின்னஞ்சலை அப்படியே அழித்துவிடுங்கள். அமெரிக்காவின் ஜேசி பென்னி கடைச் சங்கிலிக்காகக் காசு கொடுத்து வாங்கிய லிங்க்குகள் 2011-ல் நியூயார்க் டைம்ஸ் செய்தியில் அம்பலமானதும், முதலிடத்தில் இருந்த அதன் பக்கங்கள் கிடுகிடுவென்று கீழே போயின. அவ்வளவு பெரிய கடைக்கே அந்தக் கதி. 2012-ல் பெங்குவின் என்ற கூகுள் தேடல் மாற்றம் இதற்காகவே வந்தது. 2016-க்குப் பிறகு அது பெரும்பாலும் அந்த லிங்க்குகளைக் கணக்கிலேயே எடுக்காமல் விட்டுவிடுகிறது, அதாவது கொடுத்த பணம் தண்ணீரில் போட்டதுதான்.

ஆரம்பநிலையில் செய்யக்கூடியது, உங்கள் தளத்தின் பெயரை ஏற்கெனவே எங்காவது குறிப்பிட்டு லிங்க் தராமல் விட்டவர்களிடம் கேட்பது. அதற்கு மேல், மற்றவர் மேற்கோள் காட்டும் அளவுக்கு ஒரு படமோ அட்டவணையோ நீங்களே உருவாக்கி வைத்திருந்தால்தான் லிங்க் வரும், அதற்கும் திருத்தும் வேலைதான் அடித்தளம். டொமைன் அதாரிட்டி என்று ஒரு எண்ணைக் காட்டி யாராவது பயமுறுத்தினால், அது மோஸ் என்ற நிறுவனத்தின் கணக்கு, கூகுளுடையது இல்லை.

வேகம்

இதில் நேரத்தைத் தொலைப்பது ரொம்ப சுலபம், ஏனென்றால் மதிப்பெண் உடனே கண்ணுக்குத் தெரிகிறது. பேஜ்ஸ்பீட் கருவியில் 100 வாங்குவது இலக்கே இல்லை. பக்கத்தின் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லிவிநாடிக்குள் அசைய வேண்டும், படிக்கும்போது எழுத்துகள் இடம் மாறிக் குதிக்கக் கூடாது. இவைதான் கூகுள் அளக்கும் கோர் வெப் வைட்டல்ஸ். இதை எட்ட பெரும்பாலான சிறு தளங்களுக்கு 4 எம்பி படத்தை 200 கேபிக்குச் சுருக்குவதும், பயன்படுத்தாத ப்ளகின்களை (தளத்தில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் மென்பொருள்கள்) கழற்றுவதுமே போதும். ஒரு மாலை வேலை. எட்டிவிட்டீர்களா, அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், 1.9 விநாடியை 1.4 ஆக்கினால் சொல்லும்படி ரேங்க் ஏறப்போவதில்லை. மொபைலில் பக்கம் சரியாகத் தெரிகிறதா என்று பார்ப்பது மட்டும் தவிர்க்கவே முடியாதது, கூகுள் எடுத்துக்கொள்வதே மொபைல் வடிவத்தைத்தான்.

விளம்பரம் கொடுத்தால் ரேங்க் ஏறுமா என்றும் கேட்கிறார்கள். ஏறாது. காசு நிற்கும் நாளில் அந்த டிராஃபிக்கும் நின்றுவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் திருத்தி, தேதியைக் குறித்துவைத்து, சர்ச் கன்சோலின் யூஆர்எல் இன்ஸ்பெக்ஷனில் மறுபடி இன்டெக்ஸ் செய்யக் கேட்டுவிட்டுச் சில வாரங்களாவது காத்திருங்கள். சில மாற்றங்கள் சில மணி நேரத்தில் தெரியும், சிலவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும் என்று கூகுளே சொல்கிறது. பிறகு சர்ச் கன்சோலில் கம்பேர் வசதியைத் திறந்து, கடைசி 28 நாளை அதற்கு முந்தைய 28 நாளோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தத் தேடல் சொல்லின் இடம் 14-லிருந்து 9-க்கு வந்திருந்தால், அடுத்த பக்கத்தைத் திறக்கலாம்.