நாக்கில் வளர்ந்த நரம்புக் கட்டி: பெங்களூரில் பெற்ற சிகிச்சை

என் தாயாரின் நாக்கின் இடது ஓரத்தில், வலியே இல்லாமல் பல மாதங்களாக மெல்லப் பெருத்து வந்த கட்டி ஒன்றை, பெங்களூரில் உள்ள ஒரு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் வாய் மற்றும் முகத்தாடை அறுவைச் சிகிச்சைப் பிரிவில் அகற்றினோம். அது ஷ்வானோமா, அதாவது நரம்பைச் சுற்றியுள்ள உறைச் செல்களிலிருந்து வளரும், புற்றுநோய் அல்லாத கட்டி. ஷ்வானோமாக்களில் வாய்க்குள் வருபவை நூற்றில் ஒன்று என்ற அளவுதான் என்பதால், இதே கவலையோடு மருத்துவமனை தேடும் குடும்பங்களுக்கு எங்கள் அனுபவம் உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் காட்டிய தனியார் கிளினிக்கில் நீர்க்கட்டி என்று சொல்லி, அன்றே கீறி எடுத்துவிடலாம் என்றார்கள். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா என்று கேட்டதற்கு, அவசியமில்லை என்று பதில் வந்தது. வாயிலிருந்து வெட்டி எடுக்கும் எந்தக் கட்டியையும் திசுப் பரிசோதனைக்கு அனுப்பாத இடத்தில் சிகிச்சை பெறவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கல்லூரி மருத்துவமனையில் அவசரம் இல்லை. மருத்துவர் நாக்கின் நுனியைப் பஞ்சுத் துணியால் பிடித்து, கட்டியை இரு விரல்களுக்கு இடையே நிதானமாக உருட்டிப் பார்த்தார். மேல்தோல் ஒட்டாமல் நகர்வதையும், கட்டி பக்கவாட்டில் வழுக்குவதையும் உடனிருந்த மாணவர்களையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். உடம்பில் பழுப்புத் திட்டுகள் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது தோலில் கட்டிகள் உண்டா என்றும் விசாரித்தார். நியூரோஃபைப்ரோமா என்னும் மற்றொரு நரம்புக் கட்டி பரம்பரை நோயின் அடையாளமாகவும் வரக்கூடும் என்பதே அதற்குக் காரணம். ஊசியால் உறிஞ்சி எடுக்கும் பரிசோதனை இத்தகைய கட்டிகளில் பலமுறை தெளிவான விடை தராது என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார், அப்படியேதான் ஆயிற்று. எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டியின் எல்லை தெளிவாகத் தெரிந்த பிறகே அறுவைக்கு நாள் குறித்தார்கள். நாக்கில் வரும் கிரானுலர் செல் கட்டி என்னும் வேறொரு வகைக் கட்டியில் மேல்தோல் தடித்து வளர்வதால், மேலோட்டமாக எடுத்த சதையைப் பார்த்துப் புற்றுநோய் என்று தவறாகக் கருதும் அபாயம் உண்டென்றும், ஆழமான மாதிரி ஏன் தேவை என்றும் விளக்கியது எனக்கு மிகுந்த நம்பிக்கை அளித்தது.

ஒப்புதல் படிவம் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் மட்டுமே இருந்தது. தமிழ் பேசும் முதுநிலை மாணவி ஒருவர், "அம்மா, கொஞ்ச நாளைக்கு நாக்கு மரத்துப் போகலாம், ருசி மாறலாம், அதைச் சொல்லிட்டுத்தான் கையெழுத்து வாங்கணும்" என்று ஒவ்வொரு வரியையும் படித்துச் சொன்னார். தமிழர் இவ்வளவு பேர் வாழும் நகரத்தில் தமிழ்ப் படிவமும் வைத்திருக்கலாம். நல்ல மனம் கொண்ட ஒரு மாணவியை நம்பி நோயாளிகள் இருக்கக் கூடாது.

அறுவை, முழு மயக்கத்தில், மூக்கு வழியே சுவாசக் குழாய் செலுத்தி, வாய்க்குள்ளிருந்தே நடந்தது. முகத்தில் வெளித்தழும்பு இல்லை. ஷ்வானோமாவுக்குத் தனி உறை உண்டு. நரம்பிழைகள் பெரும்பாலும் கட்டிக்குள் ஊடுருவாமல் ஓரமாக ஒதுங்கியிருப்பதால், நரம்பைக் காத்து, உறையோடு கட்டியைப் பிரித்தெடுக்க முடிகிறது. நியூரோஃபைப்ரோமாவில் நரம்பிழைகள் கட்டியோடு பின்னிக் கிடப்பதால் இது கடினம். வெளியே கொண்டுவந்த, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவ பாட்டிலில், புளியங்கொட்டை அளவில், வெளிர்மஞ்சளாக, வழவழப்பாக இருந்த அந்தக் கட்டியைக் காட்டி, லேபிளில் இருந்த பெயரை எங்களிடம் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்த பிறகே ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள்.

அறிக்கையில், நெருக்கமான செல்கள் கொண்ட ஆன்டோனி ஏ பகுதியும், தளர்வான ஆன்டோனி பி பகுதியும், 1910-இல் வெரோகே என்ற நோயியல் மருத்துவர் விவரித்த செல் வரிசையமைப்பும் குறிப்பிடப்பட்டிருந்தன. எஸ்-100 சாயப் பரிசோதனையும் நரம்புறைச் செல்களையே உறுதிசெய்தது. இவற்றின் பொருளை மருத்துவர் உட்கார வைத்து விளக்கினார். முழுமையாக அகற்றிய ஷ்வானோமா மீண்டும் வருவது அரிது என்றார்.

நாக்கு நுனியின் மரமரப்பு சில வாரங்களில் நீங்கியது. இப்போது அம்மா ரசமும் ஊறுகாயும் பழையபடி ருசித்துச் சாப்பிடுகிறார். செலவு, பெரிய தனியார் மருத்துவமனை ஒன்று சொன்ன தொகையில் பாதிக்கும் குறைவு. புறநோயாளர் பிரிவில் காத்திருப்பு மிக நீளம், வயதானவர்களுக்கு இருக்கைகளும் போதாது. காலை உணவை முடித்துக்கொண்டு, பழைய அறிக்கைகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு, சீட்டு கொடுக்கத் தொடங்கும் முன்பே போய்விடுவது நல்லது.