ஆகோ வீரர்களின் முன்னிருந்த இரு வழிகள்: உடனடிப் பழியா, குல மீட்பா?

1701இல், ஜப்பானை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் ஏடோ (இன்றைய டோக்கியோ) கோட்டைக்குள், அவருடைய சடங்கு அதிகாரி கீரா யோஷினாகாவை வாளால் தாக்கிய குற்றத்துக்காக, ஆகோ என்ற பகுதியின் பிரபு அசானோ நகனோரி அன்றே வயிற்றைக் கிழித்து உயிர்விடும்படி பணிக்கப்பட்டார். நிலமும் கோட்டையும் பறிபோக, அவருடைய முந்நூற்றுக்கும் மேற்பட்ட சாமுராய்கள் தலைவனற்ற ரோனின்கள் ஆயினர்.

வாள்வீரர் ஹோரிபே யசுபேய், கீராவை உடனே கொல்ல வேண்டும் என வற்புறுத்தினார். தம் விசுவாசம் நகனோரி என்ற மனிதருக்கே உரியது என்பது அவர் நிலை. அறுபதை எட்டிய கீரா படுக்கையிலேயே இறந்துவிட்டால் யாரைக் கொன்று பழி தீர்ப்பது என்ற கேள்விக்கும் எளிதில் விடை இல்லை.

தலைமை அலுவலரான ஓயிஷி யோஷியோவோ, சண்டையின்றிக் கோட்டையை ஒப்படைத்துவிட்டு, நகனோரியின் தம்பி நகஹிரோவின் பெயரில் அசானோ குலத்தை மீட்க ஷோகுன் அரசிடம் முயன்றார். பழிவாங்கினால் அந்த வாய்ப்பு அழியும்; மீட்பு கிடைத்தாலோ நூற்றுக்கணக்கான குடும்பங்கள் மீண்டும் பிழைக்கும். பொறுப்பை எடைபோட்டால் ஓயிஷியின் வழியே கனமானது என்பேன், அது கோழைத்தனமாகத் தோன்றும் அபாயம் இருந்தபோதிலும்.

1702இல் நகஹிரோ ஹிரோஷிமாவில் உள்ள மூலக் குடும்பத்தின் காவலுக்கு அனுப்பப்பட்டதும் மீட்பு நம்பிக்கை அற்றுப்போனது. இரு தரப்பும் ஒன்றாகிக் கீராவின் மாளிகைக்குள் புகுந்து அவர் தலையைக் கொய்தன. 1703இல் நாற்பத்தாறு பேர் தற்கொலைத் தண்டனை பெற்றனர். நகஹிரோவுக்கோ 1709இல் மன்னிப்பும், அடுத்த ஆண்டு 500 கொக்கு (அரிசியை அளக்கும் ஜப்பானிய அளவு) வருவாயுள்ள சிறு நிலமும் கிடைத்தன.